கறிவேப்பிலையின் குளிர்காலம்

செப்டம்பர் 20, சனி

காலையில் புல்லின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. யாரோ உப்பைத் தூவிவிட்டுப் போனது போல. உறைபனி என்றார் இவர். கல்யாணமாகி விருதுநகரிலிருந்து நான் இந்த வின்னிபெக்குக்கு வந்தது ஜூன் மாதம். அதற்குள் கோடை முடிந்துவிட்டதாம்.

தொட்டிகளை உள்ளே எடுத்தோம். ஒரு மாதுளை, ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை. மூன்றும் தேன்மொழி வைத்தவை. தேன்மொழி இவருடைய முதல் மனைவி, நறுமுகையின் அம்மா. அவர் இறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது.

கறிவேப்பிலைத் தொட்டியை நறுமுகையே தூக்கினாள். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனபோது, “இது வெயிட்டு ஆன்ட்டி, நீங்க எலுமிச்சைய எடுங்க” என்றாள். எலுமிச்சைதான் அதைவிடக் கனம். முள் வேறு.

பாத்திரம் கழுவும்போது இவர் அடுப்பைத் துடைத்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். நறுமுகை தன் பெரியம்மா அருள்மொழி வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாள். பிராம்ப்டனில் இருக்கும் அந்த வீட்டில் அக்கா தங்கைகள் உண்டு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். கறிவேப்பிலையையும் எடுத்துப்போக வேண்டுமாம். இங்கிருந்து காரில் இரண்டு நாள் பயணம். இனி வரும் குளிரில் அந்தப் பயணத்தைச் செடியால் தாங்க முடியாது என்று இவர் சொல்ல, அப்படியானால் மே மாத நீண்ட விடுமுறையில் போகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். அப்போதுதான் இந்த ஊரில் எல்லோரும் செடிகளை வெளியே எடுப்பார்கள்.

“உன்னால இல்ல கோதை” என்றார் இவர்.

நான் அதைக் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 27, சனி

போன இரண்டு குளிர்காலமும் செடிகளை ஜன்னலோரம் வைத்திருந்தார்களாம். கறிவேப்பிலை மொட்டைக் குச்சியாகிவிட்டு, ஜூனில்தான் மறுபடி தழைத்ததாம். இங்கே டிசம்பரில் சூரியன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்கிறார்கள். அதனால் விளக்கு போடலாம் என்று சொன்னது நான்தான். விருதுநகர் கல்லூரி நூலகத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு, எதையாவது செய்வதற்கு முன் அதைப் பற்றிப் படித்துவிட வேண்டும். ஒரு வாரம் படித்தேன்.

வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இடம் ஒழித்தோம். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கத்திலேயே இருப்பதால் அந்த மூலையில் காற்று கதகதப்பாக இருக்கும். தரைதான் ஐஸ். தொட்டிகளைப் பலகை மேல் ஏற்றி வைத்தோம். மேல் உத்திரத்தில் கொக்கி அடித்து, சங்கிலியில் நீள நீளமான இரண்டு எல்.இ.டி. விளக்குகளைத் தொங்கவிட்டோம். செடி வளர வளரச் சங்கிலியை ஒரு கண்ணி ஏற்றிக்கொள்ளலாம். இலைக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு முழம் இருக்க வேண்டும்.

இவர் முதலில் வாங்கி வந்தது ஊதா வெளிச்சம். போட்டதும் மாதுளை, எலுமிச்சை, எங்கள் மூன்று பேர் முகம், எல்லாமே ஏதோ திருவிழா ரங்கராட்டினத்தில் மாட்டிக்கொண்டது போல ஆகிவிட்டது. தெருவிலிருந்து பார்த்தால் பேஸ்மென்ட் ஜன்னல் முழுக்க ஊதா. நாம் கஞ்சா வளர்க்கிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார் என்றாள் நறுமுகை. இங்கே அது சட்டப்படி சரிதான், ஆனாலும் வந்து பங்கு கேட்பார் என்றார் இவர். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் நிறுத்திவிட்டாள்.

விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெள்ளையாக வாங்கினோம். ஊதாவில் ஹோம்வொர்க் செய்ய முடியாது என்று அவள் சொன்னதுதான் காரணம். அவள் அங்கே உட்கார்ந்து படிக்கப்போகிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அக்டோபர் 15, புதன்

டைமர் விளக்கைக் காலை ஏழுக்குப் போடுகிறது, இரவு ஒன்பதுக்கு அணைக்கிறது. யாரும் தொட வேண்டியதில்லை. ஆனாலும் தினமும் போய்ப் பார்க்கிறேன்.

அக்டோபர் 22, புதன்

நறுமுகை மடக்கு மேஜை ஒன்றைச் செடிகளுக்கு எதிரே போட்டுக்கொண்டு படிக்கிறாள். நான் இஸ்திரிப் பலகையைக் கீழே கொண்டுபோய்விட்டேன். துவைத்த இடத்திலேயே இஸ்திரி போட்டால் சௌகரியம். இவர் சட்டைகள் இவ்வளவு சுருக்கமில்லாமல் இருந்ததே இல்லை என்று அலுவலகத்தில் சொல்கிறார்களாம்.

நாங்கள் அதிகம் பேசுவதில்லை. வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

குளிர்காலத்துக்காக ஊரெங்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டார்கள். ஐந்து மணிக்கே இருட்டு.

ரசத்துக்குக் கறிவேப்பிலை வேண்டியிருந்தது. கடையில் வாங்கியது தீர்ந்துபோயிருந்தது. கீழே போய், ஒரு ஈர்க்கு தருவாயா என்று நறுமுகையிடம் கேட்டேன். சாயங்காலத்துக்கு மேல் பறிக்க அம்மா விடமாட்டார்கள் என்றாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். விளக்கு வைத்த பிறகு செடி தூங்கும், இலையைத் தொடக் கூடாது.

“வெளியிலதான் இருட்டு” என்றேன். “இதுக்கு இன்னும் பொழுதே சாயலையே. ஒம்பது மணி வரைக்கும் பகல்தான்.”

அவள் நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள். அதைப் பற்றி உண்மையாகவே யோசித்தாள். பிறகு எழுந்துபோய், கீழ்க்கிளையில் ஒரு ஈர்க்கை, கிளை ஆடாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு கிள்ளினாள். அதை என் கையில் வைத்தாள்.

ரசம் நன்றாக வந்தது.

நவம்பர் 19, புதன்

அருள்மொழி அக்கா போனில் பேசினார். நல்ல மனுஷி. தங்கை மகளைக் கேட்பதற்கு அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. மாடியில் ஓர் அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்களாம். “அவ உங்களச் சித்தின்னு கூப்பிடுறாளா?” என்று கேட்டார். எனக்கு ஆன்ட்டியே பழகிவிட்டது என்றேன்.

எலுமிச்சையில் சிலந்திப்பேன். மூன்று செடிகளையும் குளியலறைக்குத் தூக்கிப்போய் இலை இலையாகக் கழுவினேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

கறிவேப்பிலை நுனியில் புதுக் கொழுந்து வருவது நின்றுவிட்டது. படித்த புத்தகங்களில் எதிலும் இதற்கு மருந்தில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விருதுநகரில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றாமல் இருந்ததில்லை. மோர் ஊற்றினால் வாசனை கூடும், இலை கறுத்துத் தழையும்.

நறுமுகை பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு டம்ளர் ஊற்றினேன். அவளிடம் சொல்லவில்லை. அது அவள் செடி. நான் கை வைத்ததாக அவள் நினைக்க வேண்டாம்.

டிசம்பர் 12, வெள்ளி

மறுபடி ஒரு டம்ளர்.

இந்த வீட்டில் தயிர் எப்படித்தான் தீர்கிறதோ. பெரிய டப்பா, நாலு நாள் வரவில்லை. இவர் அலுவலகத்திலிருந்து வந்ததும் நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறார் போல. கேட்டால் இல்லை என்கிறார்.

டிசம்பர் 22, திங்கள்

வெளியே மைனஸ் இருபத்தெட்டு. மூக்கினுள் ஈரம் உறைந்து குத்துகிறது.

பேஸ்மென்ட்டில் சின்னச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் பறக்கின்றன. ஒரு மாதிரி புளித்த வாடையும் இருக்கிறது. ஈரத்துணி வாடை என்று நறுமுகையிடம் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள், கொஞ்சம் அவசரமாக.

டிசம்பர் 31, புதன்

இலை மஞ்சளாகிறது. தொட்டால் உதிர்கிறது. காலையில் அவள் எழுவதற்கு முன் கீழே போய், உதிர்ந்ததைப் பொறுக்கிவிட்டு வருகிறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான். ஆனால் சில நாள் நான் போவதற்கு முன்பே பலகை சுத்தமாக இருக்கிறது.

இன்று இவர் சாதாரணமாகச் சொன்னார், செடி போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம், எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்க முடியாது என்று. நான் திரும்பிப் பார்த்த பார்வையில் காபியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

அது செத்துப்போனால் அவள் மே வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பிழைத்தால் மே மாதம் இரண்டும் போய்விடும். இதை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் சாப்பிட்ட பிறகு, இவர் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். நறுமுகை மாடியில் இருக்கிறாள் என்று நினைத்தேன். செடிக்குத் தெம்பு போதவில்லை, அதனால்தான் உதிர்கிறது என்று முடிவு செய்து, இந்தத் தடவை ஒரு சொம்பு நிறைய மோர் கரைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

நறுமுகை தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர். அதிலிருந்து மோரை, விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

என் சொம்பை அவள் பார்த்தாள். அவள் டம்ளரை நான் பார்த்தேன். மேலே இவர் மண்வாரியால் சிமென்ட்டைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“நீங்களுமா?” என்றாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். நவம்பரிலிருந்து, வாரத்துக்கு இரண்டு தரமாம். கோடையில் வெளியே இருக்கும்போது அம்மா ஊற்றுவார்களாம். நீங்கள் எத்தனை நாளாக என்றாள். சொன்னேன்.

“அப்ப நீங்கதான் கொன்னீங்க!”

எனக்கு வந்த கோபம் எனக்கே புதிது. இந்த ஏழு மாதமாக அவளிடம் ஒரு வார்த்தை உரக்கப் பேசியதில்லை. “வாரத்துக்கு ரெண்டு தடவ ஊத்துனது நீ. வெயில் இல்ல, தரை ஐஸா இருக்கு, இதுல எங்க காயும்? பத்தாங்கிளாஸ் படிக்கிற, இது கூடத் தெரியாதா?” என்றேன்.

“நீங்க லைப்ரேரியன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றாள்.

சொம்போடு படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். மூக்கை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டாள். அதில் துடைக்காதே, நேற்றுத்தான் துவைத்தேன் என்றேன். அதற்கு இன்னும் அழுதாள்.

சத்தம் கேட்டு இவர் பனிப் பூட்ஸோடு இறங்கி வந்தார். நிலவரத்தைக் கேட்டுக்கொண்டார். தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு, சனிக்கிழமை தோறும் அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் தான் இதற்குத்தான் ஊற்றி வந்ததாகச் சொன்னார்.

நானும் நறுமுகையும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினோம்.

உடனே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தோம். வேர் கறுத்து, வழவழப்பாக, பிடித்தால் தோல் கையோடு வந்தது. நல்லதாகத் தெரிந்ததை மட்டும் விட்டு மற்றதை வெட்டினோம். அவள் பிடித்துக்கொண்டாள், நான் வெட்டினேன். “இது?” என்று கேட்டுக் கேட்டு வெட்டினேன். அவள் தலையசைத்த பிறகுதான் கத்தரி வைத்தேன். மேலேயும் பாதிக்கு வெட்ட வேண்டியிருந்தது. காய்ந்த புது மண்ணில், நீர் வடியும்படி பெர்லைட் என்கிற வெள்ளை உருண்டைகளைக் கலந்து, சின்னத் தொட்டியில் நட்டோம்.

இப்போது அது ஒரு முழக் குச்சி. விளக்கை இறக்கி வைத்திருக்கிறோம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எலக்ட்ரிக் அடுப்பில் பொங்கிற்று. நறுமுகை எல்லாச் செடிகளுக்கும் குங்குமம் வைத்தாள், குச்சிக்கும்.

தயிர் டப்பா அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒன்றும் இல்லை. குச்சி குச்சியாகவே இருக்கிறது. மாதுளையும் இலை கொட்டிவிட்டது, ஆனால் அது குளிரில் அப்படித்தான் செய்யும், பயப்பட வேண்டாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எலுமிச்சையில் மட்டும் மொட்டு.

நான் இஸ்திரி போடும்போது நறுமுகை, தான் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றாள். நான் ஏன் இத்தனை வருடம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை? யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை. தம்பிகளுக்குச் செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நாற்பது, அதற்குப் பிறகு தனியாக இருப்பது பிடித்திருந்தது என்றேன். அப்புறம் ஏன் வந்தீர்கள் என்றாள்.

உன் அப்பா போனில் நிறைய நேரம் உன்னைப் பற்றியே பேசினார், அது பிடித்திருந்தது என்றேன். அவள் கணக்கு நோட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஒரு சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

அருள்மொழி அக்கா டிக்கெட் அனுப்பியிருக்கிறார். பள்ளி விடுமுறைக்கு நறுமுகை பிராம்ப்டன் போகிறாள். அங்கே பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிட்டு வரலாம். பிடித்திருந்தால் இந்தப் பருவத்தையே அங்கே முடிக்கலாமாம், மே வரைக்கும் காத்திருக்க இனிக் காரணம் என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டாராம். திரும்பி வருகிற டிக்கெட்டைத் தேவைப்படாவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.

மார்ச் 27, வெள்ளி

அவள் பெட்டி கட்டும்போது கீழே போய் நகத்தால் குச்சியைச் சுரண்டிப் பார்த்தேன். நுனியில் பழுப்பு. நடுவில் பழுப்பு. அடியில், மண்ணுக்கு ஒட்டினாற்போல், பச்சை மாதிரி ஒன்று. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மேலே போய் அவள் அறை வாசலில் நின்றேன். கண்ணால் கண்டதைச் சொன்னேன், நிச்சயமில்லை என்பதையும் சேர்த்து. அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டாள். நான் அதற்குள் மீதியையும் சொல்லிவிட்டேன், நடுவில் நிறுத்தினால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

“அதுக்காக நீ இருக்க வேணாம் முகி. அது வந்தா, வெயில் வந்ததும் நானும் அப்பாவும் கார்ல கொண்டாந்து குடுத்துடுவோம். வரலைன்னாலும் உனக்குச் சொல்லிடுவேன். நீ ஸ்கூலைப் பாத்து முடிவு பண்ணு, செடியப் பாத்து இல்ல.”

முகி என்று இவர்தான் கூப்பிடுவார். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

சரி என்றாள்.

மார்ச் 28, சனி

விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். இவர் வழியெல்லாம் ரேடியோவை மாற்றிக்கொண்டே வந்தார்.

மார்ச் 31, செவ்வாய்

மண்ணைத் துளைத்துக்கொண்டு ஒரு முளை வந்திருக்கிறது. குச்சியின் பக்கத்தில், அடி வேரிலிருந்து. செம்பு நிறம், நெல்மணி அளவு. முதலில் பெர்லைட் அழுக்கு என்று நினைத்துத் தட்டிவிடப் பார்த்தேன்.

இவர் போட்டோ எடுத்து உடனே அவளுக்கு அனுப்பலாம் என்றார். வேண்டாம் என்றேன். “அவ சந்தோஷப்படுவா கோதை.” தெரியும். சந்தோஷத்தில் ஓடி வந்துவிடுவாள், பிறகு இதற்காகத்தான் வந்தோம் என்று அவளுக்கே தோன்றும். முடிவு பண்ணிவிட்டு அவள் பேசட்டும், அதற்குப் பிறகு சொல்லுவோம் என்றேன். இவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கும் அனுப்பாமல் இருப்பது சுலபமாக இல்லை.

ஏப்ரல் 1, புதன்

கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. விளக்கை இரண்டு கண்ணி ஏற்றினேன்.

ஏப்ரல் 2, வியாழன்

போன் வரவில்லை. அவள் அறை ஜன்னல் விளிம்பைத் துடைத்தேன். துடைப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

காலையில் கூப்பிட்டாள். அப்பாவுக்கு அல்ல, எனக்கு. மஞ்சள் அறை நன்றாக இருக்கிறதாம். பள்ளிக்கூடமும் நல்ல பள்ளிக்கூடம். பெரியம்மா தினமும் அவளுக்குப் பிடித்ததையே சமைக்கிறார். அக்காமார் எது கேட்டாலும் கொடுத்துவிடுகிறார்கள். அவள் ஹாலுக்குள் வந்தால் டிவி சத்தத்தைக் குறைக்கிறார்கள்.

நல்லதுதானே என்றேன். என் குரல் சரியாகத்தான் இருந்தது.

“இங்க யாரும் என்னைத் திட்ட மாட்டேங்குறாங்க ஆன்ட்டி” என்றாள். “நேத்து வேணும்னே ஒரு பீங்கான் கப்பக் கீழ போட்டேன். பரவால்லடா கண்ணுன்னு பெரியம்மா அழுதுட்டாங்க. எனக்கு எப்பவும் யாரோ செத்துப்போன மாதிரியே இருக்கு.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“நான் ஞாயித்துக்கிழமை வந்துடுறேன். பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன். லீவுக்கு வருவேன், இருக்க மாட்டேன்னு.”

மேயில் போவதாக இருந்ததே என்று கேட்டுவிட்டேன். கேட்டே தீர வேண்டியிருந்தது. அதையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்றாள்.

அதற்குப் பிறகுதான் முளையைப் பற்றிச் சொன்னேன். எப்போது வந்தது என்றாள். செவ்வாய்க்கிழமை. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

கேட்கவில்லை. “போட்டோ அனுப்புங்க” என்றாள். “யாரும் அதுக்கு எதுவும் ஊத்திடாதீங்க.”

வைத்துவிட்டு இவரைத் தேடிப் போனேன். காரைக் கழுவிக்கொண்டிருந்தார், இந்தக் குளிரில். சொன்னேன். குழாயை மூடாமலே நின்றார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தெருவெல்லாம் பாதி உருகிய பனி, சாம்பல் நிறச் சேறு. அழைத்துவரப் போன இவர் மதியம் நறுமுகையோடு வந்து சேர்ந்தார். பெட்டியை ஹாலில் நிறுத்திவிட்டு, கோட்டைக் கூடக் கழற்றாமல், பூட்ஸோடு நேரே பேஸ்மென்ட் படியில் இறங்கிவிட்டாள்.

“முகி, பூட்ஸைக் கழட்டிட்டுப் போ. இப்பத்தான் துடைச்சேன்” என்று கத்தினேன்.

“ஒரு நிமிஷம்!”

ஒவ்வொரு படியிலும் ஒரு சேற்று அடையாளம். துணியை நனைத்துக்கொண்டு மேல் படியிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தேன். கீழே சத்தமில்லை. மூன்றாவது படியில் நின்று காது கொடுத்தேன்.

“ஆன்ட்டி!” என்று குரல் வந்தது. “லைட்ட யாரு இவ்வளவு மேல தூக்குனது? இத்தனூண்டு இருக்கு, இதுக்கு எப்படி எட்டும்?”

நான்தான் தூக்கினேன், கருகிவிடும் என்றுதான் தூக்கினேன், ஒரு முழம் இருக்க வேண்டும் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்றேன்.

“புத்தகம் பெரிய செடிக்குச் சொல்லியிருக்கும்.”

சங்கிலி கண்ணி கண்ணியாக இறங்கும் சத்தம் கேட்டது. என்னைக் கேட்காமலே இறக்குகிறாள். துணியைப் படியிலேயே போட்டுவிட்டு, சண்டை போடக் கீழே போனேன்.